மாற்றுத்திறனாளிகளை நிறுவனங்கள் ஒதுக்குவது எப்படி, எங்கே பிடித்துக் கேட்பது?

கேள்வி இது: பள்ளி, வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் எதிலும் "மாற்றுத்திறனாளிகளுக்கு அனுமதி இல்லை" என்று எழுதி வைக்கவில்லை. இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் இருக்கின்றன. அப்படியிருக்க, சமூக நிறுவனங்கள் அவர்களிடம் பாகுபாடு காட்டுகின்றன என்று எதை வைத்துச் சொல்வது?

இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்தே பதில் சொல்கிறேன். பாகுபாடு என்றதும் வெறுப்பும் கேலியும்தான் நினைவுக்கு வரும். அவையும் உண்டு. ஆனால் ஒரு நிறுவனம் ஒருவரை ஒதுக்குவதற்கு அங்கே கெட்ட மனிதர் ஒருவர்கூட இருக்கத் தேவையில்லை. கண் தெரியும், காது கேட்கும், படியேறி வரும், சொன்னதை உடனே புரிந்துகொள்ளும் ஓர் ஆளை மனத்தில் வைத்து விதி எழுதப்படுகிறது. அந்த ஆளாக இல்லாதவர் வந்து நிற்கும்போது விதி மாறுவதில்லை. இடைவெளியை அவரே தன் பணத்தாலும் நேரத்தாலும் துணைக்கு வரும் ஆளாலும் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிரப்ப முடிந்தவர் உள்ளே போகிறார், முடியாதவர் வீடு திரும்புகிறார். திரும்பிப் போனவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதனால்தான் "நாங்கள் யாரையும் மறுத்ததே இல்லை" என்று அந்த நிறுவனத்தால் மனதாரச் சொல்ல முடிகிறது.

சட்டம் இதைப் புரிந்துகொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பாகுபாட்டுக்குத் தரும் விளக்கத்தில் 'நியாயமான வசதி செய்து தர மறுப்பது' என்பதையும் சேர்த்திருக்கிறது. அதாவது, நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாகாத ஒரு மாற்றத்தைச் செய்து கொடுத்தால் ஒருவர் மற்றவர்களைப் போலப் பங்கேற்க முடியும் என்றால், அதைச் செய்யாமல் விடுவதே பாகுபாடு. உள்நோக்கம் இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை. 1995-இன் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது. இப்போதைய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று பாகுபாட்டுக்கான காரணங்களைப் பட்டியலிடும்போது உடற்குறைபாட்டைச் சொல்லவில்லை. அந்த விடுபடல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எனவே இந்த 2016 சட்டத்தின் பிரிவுகளைத் தெரிந்துவைத்திருப்பது முக்கியம். அதில் ஓர் ஓட்டையும் உண்டு. முறையான ஒரு நோக்கத்துக்காக, அளவோடு எடுத்த நடவடிக்கை என்று காட்டினால் வேறுபடுத்தி நடத்தலாம் என்று பிரிவு 3 சொல்கிறது. நிறுவனங்கள் "பாதுகாப்பு", "பணியின் தன்மை" என்று சொல்லி நுழையும் வாசல் இதுதான்.

முதல் தடை சான்றிதழிலேயே தொடங்குகிறது. சலுகைகளும் ஒதுக்கீடும் பெரும்பாலும் 40 விழுக்காடு குறைபாடு என்ற கோட்டை எட்டியவருக்கே. இந்த எண் மருத்துவரின் அளவீடு. ஒருவருடைய வேலையில், தெருவில், வகுப்பறையில் என்ன தடைபடுகிறது என்பதை அது அளப்பதில்லை. ஒரு கண் முழுதாகப் பார்வை இழந்து மறுகண் நன்றாக இருந்தால் மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி 30 விழுக்காடுதான். வேலைக்கான உடல்தகுதிப் பரிசோதனையில் அந்த ஒற்றைக் கண்ணைக் காட்டி அவரைத் தள்ளிவிடலாம், ஒதுக்கீட்டில் போய் நின்றால் 40 இல்லை என்றும் தள்ளிவிடலாம். இரண்டு பக்கமும் அடைபட்டவர்கள் இப்படி நிறையப் பேர்.

சான்றிதழ் வாங்கும்போது அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது, தனித்தனியாகவும் விட்டுவிடக் கூடாது. பெரிய எண்ணை 'அ' என்றும் சிறியதை 'ஆ' என்றும் வைத்தால், கணக்கு: அ + ஆ × (90 − அ) ÷ 90. காலில் 36, காதில் 20 என்றால், 36 + 20 × 54 ÷ 90 = 48. அவர் கோட்டைத் தாண்டிவிடுகிறார். எலும்பு மருத்துவர் ஒரு நாளும் காது மருத்துவர் வேறொரு நாளும் பார்த்து, இருவரும் தனித்தனியே "40-க்குக் கீழ்" என்று எழுதி அனுப்பிவிட்டால் அவருக்கு ஒன்றுமே கிடைக்காது. முகாமுக்குப் போகும்போது எல்லாக் குறைபாடுகளையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதுங்கள், கூட்டு மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். முடிவு தவறென்றால் பிரிவு 59-இன்படி மேல்முறையீடு செய்யலாம். உரிய அதிகாரி தந்த சான்றிதழ் எல்லா அரசுத் திட்டங்களுக்கும் பொதுவாகச் செல்லும் என்று விதி இருந்தும், ஒவ்வொரு நிறுவனமும் தன் மருத்துவக் குழுவிடம் மறுபடி வரச் சொல்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் மாவட்டத் தலைநகருக்கு வாடகை வண்டியில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வந்துபோகும் செலவு யார் கணக்கிலும் வராது.

உதவித்தொகையிலும் கோடு இருக்கிறது, அது இன்னும் உயரத்தில். ஒன்றிய அரசின் ஓய்வூதியத் திட்டத்துக்கு 80 விழுக்காடு குறைபாடும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் குடும்பமும் வேண்டும். இத்தனையையும் தாண்டியவருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். தமிழ்நாடு அரசு தனியாகத் தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், அதுவும் கடும் பாதிப்புள்ள வகையினருக்கு. வறுமையைக் கணக்கிடும்போது வரவை மட்டும் பார்க்கிறார்கள். சிறுநீர்க் குழாய், பஞ்சு, இயன்முறை மருத்துவம், துணையாளின் கூலி இழப்பு எல்லாம் போக மிஞ்சுவதைப் பார்ப்பதில்லை. ஒரே வரவுள்ள இரண்டு குடும்பங்களில் ஒன்று உண்மையில் மிகவும் ஏழை என்பது இப்படி மறைந்துபோகிறது.

பள்ளிக்கு வருவோம். தலைமையாசிரியர் சேர்க்கையை மறுப்பது அரிது. "எங்களிடம் சிறப்பு ஆசிரியர் இல்லை, உங்கள் பிள்ளைக்கு இங்கே கஷ்டம்" என்று அக்கறையோடு சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். பெற்றோரும் நம்பித் திரும்பிவிடுகிறார்கள். பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்வதும் வசதி செய்து தருவதும் அரசு நிதியோ ஏற்போ பெற்ற பள்ளியின் கடமை என்று பிரிவு 16 சொல்கிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்று பிரிவு 31 சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இடங்களுக்கான பிரிவினரில் இந்தக் குழந்தைகளும் அடக்கம். இது பல பெற்றோருக்குத் தெரியாது. தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வகுத்தது. நடைமுறையில் வட்டார வள மையத்திலிருந்து ஓர் ஆசிரியர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். அவர் வராத நாட்களில் அந்தக் குழந்தை கடைசி வரிசையில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. வருகைப் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறது, சேர்க்கைக் கணக்கு நூற்றுக்கு நூறு. இப்படி உள்ளே வைத்தே ஒதுக்குவது வாசலில் மறுப்பதைவிடக் கொடியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதற்கு ஆதாரம் திரட்டுவது மிகக் கடினம்.

தேர்வில் பாகுபாடு நிமிடக் கணக்கில் நடக்கும். 2018 ஆகஸ்டு வழிகாட்டுதல்படி சொல்லச் சொல்ல விடை எழுதித் தரும் எழுத்தருக்கோ கூடுதல் நேரத்துக்கோ தகுதியுள்ளவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். மூன்று மணித் தேர்வென்றால் ஒரு மணி நேரம். கணினித் தேர்வில் கண்காணிப்பாளர் சம்மதித்தாலும் மென்பொருளில் அந்த நேரத்தை முன்பே பதியாவிட்டால் 180-ஆவது நிமிடத்தில் திரை தானாக மூடிக்கொள்ளும். எனவே நுழைவுச் சீட்டு வந்ததுமே கூடுதல் நேரம் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், தேர்வு நாளில் போய்ப் பேசிப் பயனில்லை. சொந்தமாக எழுத்தரை அழைத்து வந்தால் அவருடைய படிப்பு தேர்வு எழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் அப்போது வந்தது. முறைகேட்டைத் தடுக்கும் விதிதான். ஆனால் பட்டப்படிப்புத் தரக் கணக்குத் தாளில் தொகையீட்டுக் குறியைப் பார்த்திராத எழுத்தரிடம் பார்வையற்ற மாணவர் அந்தக் குறியின் வடிவத்தை வாயால் விவரித்துக்கொண்டிருப்பார். கூடுதல் நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

40 விழுக்காட்டுக் கோடு தேர்விலும் ஆளைத் தள்ளியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் மறுக்கப்பட்டார், 40 இல்லை என்பதற்காக. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்றது. நியாயமான வசதிக்கு இந்தக் கோடு பொருந்தாது, ஒதுக்கீட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அலுவலகங்களில் இந்த வேறுபாட்டை இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள், ஆகவே மனு எழுதுகிறவர் இதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். அதே தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றையும் திருத்தியது. இங்கே உரிமையியல் நீதிபதி பதவிக்குப் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காடு வரை உள்ளவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற விதியை 2019-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றிருந்தது. அந்தத் தீர்ப்பை இனி முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்று 2021-இல் சொன்னார்கள். 2025 மார்ச் 3 அன்று, பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதியையே ரத்து செய்தார்கள். நீதி சொல்லும் நிறுவனமும் ஒதுக்கத்தான் செய்தது, தன்னைத் திருத்திக்கொள்ள ஆண்டுகள் எடுத்தது.

மருத்துவக் கல்வியில் நடந்தது எண்களின் மூர்க்கத்துக்குச் சரியான சான்று. ஒதுக்கீட்டில் இடம் பெறக் குறைந்தது 40 விழுக்காடு வேண்டும். பேச்சுக் குறைபாட்டு வகையிலோ, 40-ஐத் தொட்டுவிட்டால் படிக்கவே தகுதியில்லை என்றிருந்தது. உள்ளே வரத் தேவையான எண்ணே வெளியே தள்ளும் எண்ணாகவும் இருந்தது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், விழுக்காட்டை மட்டும் வைத்து யாரையும் தகுதியற்றவர் என்று சொல்லக் கூடாது, அந்தப் படிப்பை அவரால் தொடர முடியுமா என்று மருத்துவக் குழு ஆராய்ந்து காரணம் எழுத வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இனிக் கட்டடம். இதில் கணக்கு போட்டாலே பொய் வெளிவந்துவிடும். சாய்தளத்துக்கான சரிவு 1-க்கு 12. வாசலில் 15 சென்டிமீட்டர் வீதம் மூன்று படி இருந்தால் உயரம் 45 சென்டிமீட்டர். அதற்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மேலும் கீழும் ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும், ஆக மொத்தம் எட்டு மீட்டருக்கு மேல் இடம் தேவை. பெரும்பாலான இடங்களில் அதே உயரத்துக்கு இரண்டு மீட்டரில் சிமெண்டு பூசிவிட்டு, சாய்தளம் இருக்கிறது என்று அறிக்கை அனுப்புகிறார்கள். அதன் சரிவு ஏறத்தாழ 1-க்கு 4.4. சக்கர நாற்காலியில் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது முன்பக்கமாகக் கவிழும். அகலம் 120 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, இரு பக்கமும் 76, 90 சென்டிமீட்டர் உயரங்களில் இரண்டு கைப்பிடிகள் வேண்டும், கதவுத் திறப்பு 90 சென்டிமீட்டர் வேண்டும். கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டம் வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது நகர்கதவாக இருக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவை நாற்காலி உள்ளே போனபின் சாத்த முடியாது. அதனால் பெண்கள் காலையில் தண்ணீர் குடிக்காமலே வேலைக்கும் கல்லூரிக்கும் கிளம்புகிறார்கள். சிறுநீர்த் தொற்று அவர்களுக்கு அடிக்கடி வருவதில் இந்தக் கதவுக்கும் பங்கு இருக்கிறது. சரியாகக் கட்டிய கழிப்பறையாக இருந்தால் பெரும்பாலும் பூட்டியிருக்கும், துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாகியிருக்கும்.

பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்யச் சட்டம் தந்த ஐந்து ஆண்டு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. ஏன் நடக்கவில்லை? பிரிவுகள் 'கட்டாயம்' என்று சொல்ல, அவற்றின்கீழ் வந்த விதி 15 காட்டிய வழிகாட்டுதல்கள் 'செய்தால் நல்லது' என்ற தொனியில் எழுதப்பட்டிருந்தன. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியின் முதல் உட்பிரிவைச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளைத் தனியாக வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கெடு விதித்தது. ஒரு நிறுவனம் "நிதி இல்லை" என்று சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சுட்டுங்கள்.

பேருந்தில் தளத்தின் உயரம்தான் எல்லாம். சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், தாழ்தளப் பேருந்தில் 40. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்ட காலம் வழக்காடிய பிறகு 2024-இல் தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. வண்டி வந்துவிட்டாலும் நடைமேடையை ஒட்டி நிற்காவிட்டால் சாய்பலகையை விரிக்க முடியாது. நிறுத்தத்தில் ஆட்டோவும் தள்ளுவண்டியும் நின்றால் 40 சென்டிமீட்டரும் வீண்தான்.

வங்கியில் பார்வையற்றவரிடம் கூட்டுக் கணக்கு தொடங்கச் சொல்வதும், காசோலைப் புத்தகம் தர மறுப்பதும், "எந்த இழப்புக்கும் வங்கி பொறுப்பல்ல" என்று எழுதி வாங்குவதும் இன்றும் நடக்கிறது. ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பார்வையற்றவர் ஒப்பந்தம் செய்யச் சட்டப்படி தகுதியுள்ளவர், காசோலை, ஏடிஎம், இணைய வங்கி, பெட்டகம், கடன், கடன் அட்டை எதையும் மறுக்கக் கூடாது. கிளை மேலாளர் மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் இல்லை. கிளையில் நிலவும் இன்னொரு குழப்பம், எல்லாரிடமும் பாதுகாவலர் சான்றிதழ் கேட்பது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும் பாதுகாவலர் நியமனத்துக்கு வழி செய்தது. காது கேளாதவரிடமும் பார்வையற்றவரிடமும் அதைக் கேட்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

எல்லாம் கைபேசிக்கு வந்த பிறகு புதுத் தடைகள் முளைத்தன. கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால்தான் உயிருள்ள ஆள் என்று ஒப்புக்கொள்ளும் செயலி, அமில வீச்சில் இமை சிதைந்தவரை ஆளாகவே ஏற்கவில்லை. திரையின் கட்டத்துக்குள் முகம் எங்கே இருக்கிறது என்று குரலில் சொல்லாததால் பார்வையற்றவரும் தோற்றார். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுக்கம் (இணையச் சேவைகளையும் செயலிகளையும் எல்லாராலும் பயன்படுத்த முடிவது) வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, சிமிட்டலுக்கு மாற்று வழி உட்பட 20 கட்டளைகளை இட்டது. காது கேளாதவரிடம் "சரிபார்க்கத் தொலைபேசியில் அழைப்போம், நீங்களே பேச வேண்டும்" என்று சொல்லும் நிறுவனங்களிடமும் இந்தத் தீர்ப்பைச் சொல்லி, குறுஞ்செய்தி அல்லது காணொலி வழி கேட்கலாம்.

வேலை விஷயத்தில் சட்டத்தின் எண்கள் நன்றாகவே இருக்கின்றன. அரசுப் பணியில் 4 விழுக்காடு. பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவிக் குறைபாட்டுக்கு 1, தொழுநோயிலிருந்து மீண்டோர், அமில வீச்சுக்குள்ளானோர் உட்பட இயக்கக் குறைபாட்டுக்கு 1, ஆட்டிசம், அறிவுசார், கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடுகளுக்குச் சேர்த்து 1. எங்கே கசிகிறது என்றால், முதலில் 'இந்தப் பணி இவர்களுக்கு ஏற்றதல்ல' என்ற பட்டியலில். 2021 ஜனவரியில் ஒன்றிய அரசு 3,566 பணிகளை ஏற்றவையாக அறிவித்தது. பட்டியலில் இல்லாத பணி என்றாலே முடியாத பணி என்று அலுவலகங்கள் பொருள் கொள்கின்றன. அடுத்து, காலியிடக் கணக்கு. ஏற்றவை என்று கண்டறிந்த பணிகளை மட்டும் வைத்து ஒதுக்கீட்டைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். மொத்தக் காலியிடங்களை வைத்தே கணக்கிட வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் திருத்தியது. மூன்றாவது கசிவு, நிரம்பாத இடத்தைப் பொதுப் பிரிவுக்குத் தள்ளிவிடுவது. பிரிவு 34-இன்படி அந்த இடத்தை முதலில் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அப்போதும் ஆள் இல்லாவிட்டால் வேறு வகைக் குறைபாடுள்ளவருக்குத் தர வேண்டும். அதன் பிறகுதான் மற்றவருக்குப் போகலாம். பெரிய கசிவு கடைசியில் இருக்கிறது: கடைநிலைப் பணிகளை ஒப்பந்த நிறுவனத்திடம் விட்டுவிட்டால் ஒதுக்கீடு பற்றிய பேச்சே எழாது. அதிகம் படிக்க வாய்ப்பில்லாமல் போன மாற்றுத்திறனாளிகளுக்கு இருந்த ஒரே அரசு வாசல் அந்தக் கடைநிலைப் பணிதான். அதை மூடியதை நிர்வாகச் சீர்திருத்தம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

பணியில் இருக்கும்போது விபத்திலோ நோயிலோ குறைபாடு வந்தால், அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்று பிரிவு 20 சொல்கிறது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும், காலியிடம் இல்லாவிட்டால் கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். இங்கே நிறுவனங்கள் செய்யும் தந்திரம், ஊழியரையே விருப்ப ஓய்வுக் கடிதம் எழுத வைப்பது. மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போது நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தனியார் துறையில் ஒதுக்கீடு இல்லை. ஆனாலும் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் எந்தெந்தப் பணிகள், என்ன வசதிகள், தொடர்பு அலுவலர் யார் என்பவற்றோடு சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். வேலைக்குச் சேரும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும் பதிலிலேயே நிறைய விளங்கிவிடும்.

மனநலக் குறைபாடு உள்ளவர்களை நிறுவனங்கள் நடத்திய விதத்துக்கு ஏர்வாடியைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் அந்தக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மருத்துவக் காப்பீட்டிலும் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று அதன் பிரிவு 21 சொல்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு "சுகாதாரத்துக்காக" என்று கருப்பையை எடுப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். அவருடைய சுதந்திரமான, விவரமறிந்த சம்மதம் இல்லாமல் கருத்தடையாகும் எந்த மருத்துவ நடவடிக்கைக்கும் உட்படுத்தக் கூடாது என்பது 2016 சட்டத்தின் பிரிவு 10.

காவல் நிலையத்தில் "இவர் சொல்வது புரியவில்லை" என்று வழக்கைப் பதியாமல் விடுவது வழக்கம். பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குறைபாடு உள்ளவரென்றால், அவர் வீட்டுக்கோ அவர் சொல்லும் இடத்துக்கோ காவலர் போய், மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில், காணொலிப் பதிவோடு வாக்குமூலம் வாங்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த விதி இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் இருக்கிறது. குறைபாடுள்ளவரின் சாட்சியம் அந்தக் காரணத்துக்காகவே வலுக் குறைந்ததல்ல என்று 2021 ஏப்ரலில், பார்வையற்ற தலித் பெண் ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது.

எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான மனுக்கள் தோற்பது எழுதும் தொனியில்தான். "கருணை கூர்ந்து உதவுமாறு வேண்டுகிறேன்" என்று முடியும் மனுவை அலுவலர் உதவி கோரும் மனுவாகப் பதிந்து, நிதி இல்லை என்று முடித்துவிடலாம். உரிமை கோரும் மனுவில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும். உங்கள் அடையாள அட்டை எண், எந்த வேலையைச் செய்ய முடியாமல் எது தடுக்கிறது, துல்லியமாக என்ன மாற்றம் வேண்டும், எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். "தரைத்தளத்தில் தேர்வு அறை வேண்டும், மேசைக்குக் கீழ் 70 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்" என்று எழுதினால் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். "வசதி செய்து தரவும்" என்று எழுதினால் ஆவன செய்யப்படும் என்ற பதில்தான் வரும்.

வாய்மொழியாக மறுத்தால் அன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். "இன்று காலை 11 மணிக்கு இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள், அதை எழுத்தில் தருக." சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பு தாளில் இல்லையென்றால் பின்னால் எந்த மன்றத்திலும் நிரூபிக்க முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மூன்றைக் கேட்கலாம்: எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று காட்டும் ஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேட்டின் நகல், கட்டடத்தின் அணுக்கத் தணிக்கை அறிக்கை, 2016 சட்டத்தின் பிரிவு 23-இன்படி நியமிக்கப்பட்ட குறைதீர் அலுவலரின் பெயர். பல அலுவலகங்களில் அப்படி ஒருவர் நியமிக்கப்படாததே அந்தப் பதிலில் தெரியவரும். நியமித்திருந்தால் அவர் புகாரை இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழுவுக்குப் போகலாம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு உதவித்தொகை, உபகரணம் போன்றவற்றுக்கு நல்ல வழி. பாகுபாட்டுப் புகாருக்கு அது மட்டும் போதாது, பெரும்பாலும் எந்த அலுவலகத்தைப் பற்றிப் புகார் சொன்னீர்களோ அங்கேயே திருப்பி அனுப்பப்படும்.

அடுத்த படி ஆணையர். ரயில்வே, பொதுத்துறை வங்கி, ஒன்றிய அரசுத் தேர்வு என்றால் டெல்லியில் உள்ள முதன்மை ஆணையர். மாநிலத் துறை, உள்ளாட்சி, மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் மாநில ஆணையர். தவறான ஆணையருக்கு அனுப்பி மாதக்கணக்கில் இழப்பவர்கள் அதிகம். ஆணையருக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. நிறுவனம் மூன்று மாதத்துக்குள் அதன்படி நடக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். சட்ட மீறலுக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பொதுவெளியில் இழிவுபடுத்துவது, தாக்குவது போன்றவை பிரிவு 92-இன்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதற்குக் காவல் நிலையத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சிறு வாய்த்தகராறாகப் பதிந்துவிடுவார்கள்.

கல்லூரிச் சேர்க்கை, தேர்வு, பணி நியமனம் போன்று கடைசித் தேதி உள்ள விவகாரங்களில் ஆணையரின் தீர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்து, ஓர் இடத்தை நிரப்பாமல் வைத்திருக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். கலந்தாய்வு முடிந்து இடங்கள் நிரம்பிய பின் வழக்கில் வென்றாலும், அந்த ஆண்டு உட்கார இருக்கை இருக்காது.